நாமெல்லாம் ஒரே குடும்பம்

நல்ல காரியங்களுக்கென்று ஏற்பட்ட ஸ்தாபனங்களில் வேலை செய்கிறவர்களுக்குள் தகராறு வந்தால், தலைவராக இருக்கிறவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்கிற முதல் வாக்கியம் ஒன்று உண்டு. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பதே அது. அந்த வாக்கியத்துக்கு விரோதமாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நான் நாவல் எழுதிப் பிழைக்கிறவன். குடும்பம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் குடும்பங்கள் இல்லாவிட்டால் எங்கள் ஜாதி முழுவதும் பட்டினி கிடக்க வேண்டியதுதான். குடும்பத்தில் கேள்வி கேட்கிற மருமகளுக்கு வாயாடி என்று பெயர். கணக்குக் கேட்கிற தம்பிக்கு நன்றி கெட்டவன் என்று பெயர். பத்து வயதில் வந்து முப்பது வருஷம் பாத்திரம் தேய்த்த கிழவியை, வந்தவர்களிடமெல்லாம் "எங்கள் வீட்டு மனுஷி மாதிரி" என்று அறிமுகப்படுத்துவார்கள். அந்த 'மாதிரி' என்ற சொல்லுக்குள்தான் அவளுடைய முப்பது வருஷத்துச் சம்பளமும் கரைந்து போயிருக்கும்.

ஆகையால், சம்பளம் வாங்கி வேலை செய்கிற ஓர் இடத்தைப் பார்த்துக் குடும்பம் என்று யாராவது சொன்னால், எனக்கு உடனே அந்தக் கிழவியின் ஞாபகம் வருகிறது.

போன மாதம் ஒரு காரியமாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். சென்னை மூர் மார்க்கெட் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால், திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று நின்று நின்று போய்ச் சேரும். காலை வண்டியில் பாதிப்பேர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள். தமிழோடு இந்தியும் ஒடியாவும் தெலுங்கும் கலந்து பெட்டி முழுவதும் ஒரே இரைச்சல். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். என் நாவல் ஒன்றில் கதாநாயகி அநியாயத்துக்கு அழுகிறாள் என்று குறை சொன்னாள். நல்ல வாசகி என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையின் அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கிறாளாம். அதற்கு முன்னால் ஐந்து வருஷம் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு தொண்டு ஸ்தாபனத்தில் இருந்தாள். ஸ்தாபனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அது ஒன்றுதான் கெட்டது, மற்றவையெல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடும்.

"அந்த வேலையை ஏன் விட்டீர்கள், அம்மா?" என்று கேட்டேன்.

"நான் விடவில்லை, சார். என்னைக் குடும்பத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டார்கள்" என்றாள்.

கதை இதுதான். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையையும் திருவள்ளூரையும் மூழ்கடித்தது நினைவிருக்கும். அவளுடைய ஸ்தாபனம் ஒரு லாரி நிறைய அரிசியும் பருப்பும் போர்வையும் கொண்டு போனது. சென்னை அலுவலகத்திலிருந்து ஓர் ஒருங்கிணைப்பாளர் வந்தார். அவர் கையிலிருந்த டேப்லெட்டில் ஒரு படிவம். குடும்பத் தலைவர் பெயர், தலை எண்ணிக்கை, ரேஷன் அட்டை எண். ரேஷன் அட்டை எண்ணைப் போடாவிட்டால் படிவம் அடுத்த வரிக்கு நகராது. நன்கொடை கொடுத்தவர்கள் அப்படிச் செய்து அனுப்பியிருந்தார்கள்.

செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்திருந்தவர்களிடம் இந்த ஊர் ரேஷன் அட்டை ஏது? பக்கத்து இருளர் குடியிருப்பில் சிலருடைய அட்டை தண்ணீரோடு போய்விட்டது. "பெயரைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கொடுத்துவிடுவோம்" என்றாள் இவள். "தணிக்கையில் யார் பதில் சொல்வது?" என்றார் அவர். பேச்சு வளர்ந்தது. லாரிக்கு முன்னால், சாமான் வாங்க நின்றவர்களுக்கு எதிரிலேயே, இருவரும் ஒருவரையொருவர் இரைந்து பேசிக்கொண்டார்கள். கடைசியில் அந்தச் சூளைக்கென்று ஒதுக்கிய மூட்டைகளோடு லாரி திரும்பிப் போயிற்று.

இதில் யார் வில்லன் என்று தேட வேண்டாம். அந்த ஒருங்கிணைப்பாளரும் கெட்டவர் அல்ல. கணக்கில் நூறு பெயருக்கு ரசீது இல்லையென்றால், அடுத்த வருஷம் பணமே வராது என்று அவருக்குத் தெரியும். பசியோடு நிற்கிறவனிடம் அட்டை கேட்பது அபத்தம் என்று இவளுக்குத் தெரியும். இரண்டு நியாயங்கள் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. யாராவது ஒருவர் கேட்டு, ஆராய்ந்து, 'இப்படிச் செய்' என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய விஷயம் அது.

என்ன நடந்தது? அடுத்த வாரம் கூட்டம் போட்டார்கள். தலைவர், "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார். இருவரையும் கைகுலுக்கச் சொன்னார். கைகுலுக்கினார்கள். சமோசாவும் டீயும் வந்தன. புகைப்படம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், களப்பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் இல்லை. யார் நீக்கினார்கள் என்று கேட்டதற்கு, 'ஏதோ கைதவறி' என்று பதில் வந்தது. கைதவறி நீங்கியவளை யாரும் கைதவறிக்கூடத் திரும்பச் சேர்க்கவில்லை. மார்ச் 31-ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. மூன்று மாதத்துப் பயணப்படி பாக்கி.

"சூளையில் இருந்தவர்களுக்கு அரிசி கிடைத்ததா?" என்று கேட்டேன்.

"வேறு யாரோ வந்து கொடுத்தார்களாம், சார். ஒரு வாரம் கழித்து."

இப்போது சொல்லுங்கள், அந்தக் கூட்டத்தில் தீர்ந்தது எது? ரேஷன் அட்டை இல்லாதவனுக்கு அரிசி உண்டா, இல்லையா என்ற கேள்வி அந்தக் கூட்டத்துக்குள் நுழையவே இல்லை. அடுத்த வெள்ளத்தில் அடுத்த லாரி அதே சூளைக்கு முன்னால் அதே படிவத்தோடு நிற்கும். நம் தொண்டு ஸ்தாபனங்கள் சச்சரவைத் தீர்ப்பதில்லை, மனிதர்களைச் சமாதானப்படுத்துகின்றன. கேள்வியை எடுத்துக்கொள்ளாமல் கேட்டவர்களை மட்டும் தட்டிக்கொடுத்து அனுப்புகின்றன. இரண்டும் ஒன்றே என்று நினைப்பதுதான் இந்தத் துறையின் பெரிய வியாதி. அதற்கு விலை கொடுக்கிறவன், கூட்டத்தில் இல்லாத அந்தச் சூளைக்காரன்.

இது நம் ஊர் வியாதி மாத்திரம் அல்ல. உலகத்தின் பெரிய தொண்டு ஸ்தாபனம் ஒன்று இந்த வியாதியோடேயே பிறந்தது. 1859-இல் சோல்ஃபெரினோ யுத்தகளத்தில் கேட்பாரற்றுக் கிடந்த காயக்காரர்களைப் பார்த்து மனம் பதறியவர் ஆன்ரி துனான். அவர் எழுதிய புத்தகத்தைப் படித்து அவரைத் தேடிப் பிடித்தவர் குஸ்தாவ் முவானியே என்ற வக்கீல். இவர்கள் உட்பட ஐந்து பேர் 1863-இல் ஜெனீவாவில் கூடினார்கள். அதுவே செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆரம்பம். மறு வருஷமே, எதிரி நாட்டுக் காயக்காரனையும் காப்பாற்ற வேண்டும் என்று 12 நாடுகளைக் கையெழுத்துப் போட வைத்துவிட்டார்கள். எப்பேர்ப்பட்ட சாதனை! ஆனால் துனானுக்கும் முவானியேக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர் கனவு காண்கிறவர். மற்றவர் கோப்புக் கட்டுகிறவர். 1867-இல் துனானுடைய வியாபாரம் திவாலாயிற்று. அதில் அவர் பிசகும் இருந்தது. காரியதரிசி பதவி போயிற்று. பிறகு கமிட்டியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். அதன்பின் பல வருஷம் வறுமையில் அலைந்து, சுவிட்சர்லாந்தின் ஹைடன் என்ற சிற்றூரில் ஒரு மருத்துவமனை அறையில் போய் அடைந்து கிடந்தார். 1901-இல் முதல் சமாதான நோபல் பரிசு அவருக்கும் இன்னொருவருக்குமாகக் கிடைத்தது. முவானியேயோ சாகும்வரை கமிட்டியின் தலைவராகவே இருந்தார். இருவரும் 1910-இலேயே இறந்தார்கள். கடைசிவரை சமரசம் ஆகவில்லை.

யுத்தம் செய்கிற இரண்டு ராஜாங்கங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி எழுதிய மேஜையில், அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்த ஐந்து பேருக்குள் தகராறு வந்தால் யார் கேட்பது என்று ஒரு வரி எழுதி வைக்கத் தோன்றவில்லை. நல்லவர்கள் நமக்குள் என்ன விதி வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். நல்லவர்கள் செய்கிற பெரிய தவறு இது.

நம் நாட்டு உதாரணம் வேண்டுமானால் சேரன்மாதேவியைச் சொல்லலாம். வ. வே. சு. ஐயர் 1922-இல் அங்கே குருகுலம் ஆரம்பித்தார். காங்கிரஸ் பணமும் ஊர்ப்பணமும் அதில் இருந்தன. இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே சாப்பாடு என்ற விஷயம் வெளியே வந்து, 1924-25-இல் தமிழ்நாடே இரண்டுபட்டது. 'ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறை விவகாரம்' என்று அதை ஒதுக்கப் பார்த்தவர்கள் அன்றும் இருந்தார்கள். சமையலறை விவகாரம்தான். ஆனால் தேசத்தின் விவகாரமே அந்தச் சமையலறையில்தான் இருந்தது. ரேஷன் அட்டை விவகாரமும் இதே மாதிரிதான். ஒரு தொண்டு ஸ்தாபனத்துக்குள் நடக்கிற சண்டை, பல சமயங்களில், அந்த ஸ்தாபனம் எதற்காக ஏற்பட்டதோ அதைப் பற்றிய சண்டையாகவே இருக்கிறது. அதைப் போய் 'ஈகோ' என்று சொல்லி மூடி வைக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டி வரும்வரை அந்தப் பெண் தன் ஆலையைப் பற்றிப் பேசினாள். ஆலையின் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறதாம். குறைதீர்க்கும் குழு அங்கத்தினர்கள் என்று தலைப்பு. நிர்வாகத்தார் எத்தனை பேரோ அத்தனை பேர் தொழிலாளிகள். "அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், சார். இரும்பு உருக்குகிற இடத்தில் மனுஷனுக்குக் குறை இருக்கும் என்று ஒப்புக்கொள்கிறார்கள். மனுஷனுக்காகவே நடத்துகிற இடத்தில் ஒப்புக்கொள்ளவில்லை."

அந்தப் பட்டியல் முதலாளியின் தர்ம சிந்தையால் ஒட்டப்பட்டதல்ல, சட்டத்தின் உத்தரவு. இங்கே கொஞ்சம் சட்டம் பேச வேண்டியிருக்கிறது. கதை படிக்கிற வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்; இதுவும் ஒரு கதைதான்.

1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம், தொழிலாளிக்கும் முதலாளிக்கும் சண்டை வந்தால் அரசாங்கத்தின் சமரச அதிகாரி முன்னால் கொண்டு போகலாம் என்று வழி வைத்தது. அங்கே தீராவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம். தர்ம ஸ்தாபனங்களும் இதில் அடக்கமா என்று நெடுநாள் வாதம் நடந்தது. 1978 பிப்ரவரியில், பெங்களூர்க் குடிநீர் வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில், ஏழு நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட் பெஞ்சு தீர்ப்புச் சொன்னது. பிரதானத் தீர்ப்பை எழுதியவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். தர்ம ஸ்தாபனங்களை அவர் மூன்று வகையாகப் பிரித்தார். லாபம் சம்பாதித்துத் தர்மத்துக்குக் கொடுப்பது ஒன்று. லாபமில்லாமல் ஏழைகளுக்கு உதவி செய்தாலும், மற்ற இடங்களைப் போலவே ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு நடத்துவது இரண்டாவது. கூலிக்காக அல்லாமல் லட்சியத்துக்காகவே வந்தவர்கள் கூடி நடத்துவது மூன்றாவது. முதல் இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டவை, மூன்றாவது மட்டும் விலக்கு என்றார். தர்மம் செய்கிறவன் தர்மத்தை வாங்குகிறவனுக்குத்தான் தர்மப் பிரபு. தன்னிடம் வேலை செய்கிறவனுக்கு அவன் எஜமானன்தான் என்பது இதன் சாரம். இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை யாரும் சொல்லிவிட முடியாது.

நாடாளுமன்றத்துக்கு இது பிடிக்கவில்லை. 1982-இல் ஒரு திருத்தம் நிறைவேற்றி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தர்ம ஸ்தாபனம் எல்லாவற்றையும் வெளியே தள்ளியது. ஆனால் அந்தப் பகுதியை மாத்திரம் எந்த அரசாங்கமும் அமலுக்குக் கொண்டுவரவில்லை. இப்படியே நாற்பது வருஷத்துக்குமேல் ஓடிற்று. பிறகு வந்தது 2020-ஆம் வருஷத்துத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அமலாகியிருக்கிறது. அதில், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தொழிலகம் ஒவ்வொன்றிலும் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். இரு தரப்பிலும் சம எண்ணிக்கை. பத்துப் பேருக்கு மேல் கூடாது. தலைமை வருஷத்துக்கு ஒரு தரப்பாக மாறி மாறி வர வேண்டும். மனு வந்த 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். எல்லாம் சரிதான். ஆனால் 'தொழில்' என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்தில், முழுவதுமாகவோ பெரும்பாலுமோ தர்ம, சமூக, பரோபகார சேவையில் ஈடுபட்ட அமைப்புகள் நடத்துகிறவை சேரா என்று ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது. கிருஷ்ணய்யர் போட்ட மூன்று வகைப் பாகுபாடு அந்த வரியில் இல்லை. லட்சியத்துக்காக வந்தவனும், வாடகை கொடுக்க வேண்டி வந்தவனும், சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிற டிரைவரும் ஒரே மூட்டையில் கட்டி வெளியே வைக்கப்பட்டார்கள்.

அந்தப் பெண்ணை அனுப்பியது 2024 மார்ச்சில். அப்போது கதவு திறந்திருந்தது. அது அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொண்டாள், கதவைச் சாத்திவிட்டார்கள்.

சம்பளச் சட்டமும் வருங்கால வைப்பு நிதியும் தொண்டு ஸ்தாபனங்களுக்கும் உண்டுதானே என்று யாராவது கேட்பார்கள். உண்டுதான். ஆனால் அந்த வழிகள் பாக்கிப் பணம் வசூலிப்பதற்கு. "சூளைக்காரனுக்கு அரிசி கொடு என்று சொன்னதற்காக என்னை ஏன் தள்ளி வைத்தீர்கள்?" என்ற கேள்வியை வைப்பு நிதி அலுவலகத்தில் எந்த ஜன்னலில் நீட்டுவது?

தொண்டு ஸ்தாபனத்துக்கு விலக்கு கொடுப்பது தவிர்க்க முடியாத தர்மம் என்றும் சொல்ல முடியாது. விலக்குக் கொடுக்காத சட்டமும் நம்மிடம் இருக்கிறது. ராஜஸ்தானத்தில் அரசாங்கத்தின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில், சொற்ப ஊக்கத்தொகைக்குக் கிராம ஊழியராக இருந்தவர் பன்வாரி தேவி. ஒரு குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-இல் அவர்மீது கூட்டாகப் பாலியல் கொடுமை இழைக்கப்பட்டது. அதன் விளைவாகத் தொடுக்கப்பட்ட விசாகா வழக்கில் 1997-இல் சுப்ரீம் கோர்ட் விதிகள் வகுத்தது. 2013-இல் சட்டம் வந்தது. வேலை செய்கிற இடம் என்பதில் அறக்கட்டளையும் சங்கமும் தன்னார்வ அமைப்பும் சேரும் என்று அந்தச் சட்டம் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. சம்பளமே வாங்காத தொண்டரும் அதன்படி ஊழியர்தான். 10 பேர் இருந்தால் உள்ளே ஒரு குழு வேண்டும்; அதற்குக் குறைந்தால் மாவட்டத்தில் இருக்கிற குழுவிடம் போகலாம். குழுவில் வெளியார் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வெளியாரைப் பெண்களுக்காகப் பாடுபடும் தன்னார்வ அமைப்புகளிலிருந்து அழைக்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. அதாவது, இரும்பாலைக்காரனுடைய விசாரணைக் குழுவில் நியாயம் பார்க்க உட்காருகிற அம்மாள் ஒரு தொண்டு ஸ்தாபனத்திலிருந்து வரலாம். சாயங்காலம் தன் அலுவலகத்துக்குத் திரும்பி, அங்கே தன் பயணப்படி பாக்கியைப் பற்றி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் முழிக்கலாம்!

'நன்கொடைப் பணத்தில் நடக்கிற இடத்தில் இதற்கெல்லாம் வசதி ஏது?' என்பார்கள். பணமுடை நிஜம்தான், நான் மறுக்கவில்லை. அந்நிய நாட்டுப் பணம் வாங்குகிற ஸ்தாபனங்கள் நிர்வாகச் செலவு நூற்றுக்கு 50 வரை செய்யலாம் என்று இருந்ததை 2020-இல் 20 ஆகக் குறைத்தார்கள். வாங்கிய பணத்தை இன்னொரு ஸ்தாபனத்துக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் தடுத்துவிட்டார்கள். கிராமத்தில் வேலை செய்கிற சின்ன அமைப்புகள் இதில் நசுங்கிப் போயின. மிச்சமிருப்பவர்களை வருஷ ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறார்கள். நாளை வேலை இருக்குமோ என்று தெரியாதவர்கள் இரண்டு பேரை ஒரே ஜீப்பில் ஏற்றி அனுப்பினால், அவர்கள் வழியெல்லாம் அன்பாகவா பேசிக்கொண்டு போவார்கள்? சண்டையின் வேர் பல சமயங்களில் சுபாவத்தில் இல்லை. ஒப்பந்தத்தின் கடைசித் தேதியில் இருக்கிறது. ஆனால் குறை கேட்க ஒரு குழு வைப்பதற்கு என்ன செலவு? ஆறு நாற்காலி, ஒரு நோட்டுப் புத்தகம்.

செலவு எதற்குச் செய்கிறார்கள் என்றால், 'குழு உணர்வு முகாம்' என்ற ஒன்றுக்குச் செய்கிறார்கள். எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துப் போய், கண்ணைக் கட்டி, ஒருவர் பின்னால் சாய மற்றவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் நம்பிக்கை வளர்ந்துவிட்டதாம். அந்தப் பெண்ணை அந்த ஒருங்கிணைப்பாளர் அப்படி ஒரு முறை பிடித்திருக்கிறாராம். "நன்றாகத்தான் பிடித்தார், சார். அவர் கை வலுவான கை. கையெழுத்துப் போடத்தான் வரவில்லை" என்றாள்.

இதெல்லாம் சின்ன ஸ்தாபனங்களின் கோளாறு என்று யாராவது நினைத்தால், லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆம்னஸ்டி இன்டர்நேஷனலைப் பார்க்கலாம். 1961-இல் ஆரம்பித்து 1977-இல் நோபல் பரிசு வாங்கிய ஸ்தாபனம். ஊழியர்கள் இருவர் 2018-இல் தற்கொலை செய்துகொண்ட பிறகு, வெளியாரைக் கொண்டு தன் பணியிடத்தை ஆராயச் செய்தது. 2019-இல் வெளிவந்த அறிக்கை நச்சுச் சூழல் என்ற சொல்லையே பயன்படுத்தியது. பதில் சொன்ன ஊழியர்களில் நூற்றுக்கு 39 பேர், அங்கே வேலை செய்ததன் நேரடி விளைவாக உடலோ மனமோ கெட்டதாகச் சொன்னார்கள். சித்திரவதைக் கதைகளைக் கேட்டுக் கேட்டு மனம் ஒடிந்தது என்று நாம் ஊகிப்போம். அறிக்கையோ, பெரும்பாலான பாதிப்புக்கு வேர் நிர்வாகக் கோளாறே என்றது. ஒன்றைப் பாராட்ட வேண்டும்: வெளியாரை அழைத்தார்கள்; அறிக்கையை மறைக்காமல் வெளியிட்டார்கள். நம்மில் எத்தனை பேர் இதைச் செய்வார்கள்?

'எல்லோரும் கமிட்டி, மனு, விசாரணை என்று கிளம்பிவிட்டால் தொண்டு யார் செய்வது?' என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நல்ல மனிதர், கதர் கட்டுகிறவர், நாற்பது வருஷம் ஊருக்கு உழைத்தவர். அவரை மதிக்கிறேன். ஆனால் அவர் செய்த தொண்டு அவருடைய தொண்டு. அவருக்குக் கீழே எட்டாயிரம் ரூபாய்க்குக் கணக்கு எழுதுகிறவன் செய்வது வேலை. தன்னுடைய தியாகத்தைத் தானே செய்துகொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. பக்கத்து நாற்காலிக்காரனுடைய தியாகத்தையும் சேர்த்துச் செய்துவிட உரிமை கிடையாது.

உலகத்து நிவாரண ஸ்தாபனங்கள் கூடி 2014-இல் வகுத்துக்கொண்ட அடிப்படைத் தரத்தில் ஒன்பது வாக்குறுதிகள் இருக்கின்றன. எட்டாவது, ஊழியர்களும் தொண்டர்களும் திறமையோடும் ஒழுங்கான நிர்வாகத்தின் கீழும் வேலை செய்ய வேண்டும் என்பது. இதை ஊழியருடைய உரிமை என்று எழுதவில்லை, பாருங்கள். உதவி வாங்குகிற ஜனங்களுக்குக் கொடுத்த வாக்குறுதியாக எழுதியிருக்கிறார்கள். யோசித்து எழுதியவர்கள்! சூளைக்கு முன்னால் லாரி நின்ற அன்று மீறப்பட்டது அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு மாத்திரம் அல்ல.

சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றால் தடுக்கிறது என்று அர்த்தமில்லை. ஆலைகளுக்கு விதித்த அதே குறைதீர்க்கும் குழுவைத் தொண்டு ஸ்தாபனம் ஒவ்வொன்றும் நாளைக் காலையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேர், ஆறு பேர் மட்டும் உள்ள இடங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் எத்தனையோ. அவை கூடிப் பொதுவாக ஒரு குழு வைக்கலாம். ஓய்வு பெற்ற தொழிலாளர் அதிகாரி ஒருவரைத் தலைமைக்குக் கேட்கலாம். முக்கியமானது, தகராறில் சம்பந்தப்பட்டவரே நீதிபதியாக உட்காரக் கூடாது என்பது. நிவாரண நேரத்தில் 30 நாள் காத்திருக்க முடியாது, வாஸ்தவம். அங்கே விதி வேறு. பட்டியலைப் பற்றி அபிப்பிராய பேதம் வந்தால் முதலில் மூட்டையை இறக்கு. ஆட்சேபணையை இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்துப் போடு. தலைமை அலுவலகம் அன்று சாயங்காலத்துக்குள் எழுத்தில் முடிவு சொல்லட்டும். அந்தக் காகிதமே தணிக்கைக்கும் சாட்சி. இவ்வளவு இருந்திருந்தால் அன்றைக்கு இரண்டு பேரும் இரைந்திருக்க மாட்டார்கள். இரைந்திருந்தாலும் அரிசி இறங்கியிருக்கும்.

தானாக வைக்க மாட்டார்கள் என்றால், வைக்கச் சொல்லக் கூடியவர்கள் கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கிறார்கள். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்குமேல் பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தின் மூன்று வருஷ சராசரியில் நூற்றுக்கு 2 சமூகக் காரியங்களுக்குச் செலவழிக்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பகுதி தொண்டு ஸ்தாபனங்கள் மூலமாகப் போகிறது. பயனாளியின் புகைப்படம் கேட்கிறார்கள். ரேஷன் அட்டை எண் கேட்கிறார்கள். பேனரில் தங்கள் சின்னம் எத்தனை அங்குலம் என்று அளந்து கேட்கிறார்கள். "எங்கள் ஆலைச் சுவரில் ஒட்டியிருக்கிற பட்டியல் உங்கள் சுவரிலும் இருக்கிறதா?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் என்ன? அந்தப் படிவத்திலும் அதை நிரப்பாவிட்டால் அடுத்த வரிக்கு நகராது என்று செய்துவிடட்டுமே!

கும்மிடிப்பூண்டி வந்துவிட்டது. பெட்டி மொத்தமும் இறங்கிற்று. பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே, இப்போது சூளைப் பக்கம் போவதுண்டா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போகிறாளாம். ஒடிசாக் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். அவர்களிடம் இவள் ஒடியா கற்றுக்கொள்கிறாள்.

"இதற்கு யாராவது சம்பளம் தருகிறார்களா?"

"இது தொண்டு, சார். இதற்கு எதற்குச் சம்பளம்?" என்று சிரித்தாள். பழைய ஸ்தாபனம் இதைக் கேள்விப்பட்டு, அவளுடைய சேவை மனப்பான்மையைப் பாராட்டி ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறதாம். தங்கள் ஆண்டு மலருக்கு ஒரு புகைப்படமும் கேட்டிருக்கிறார்கள். பயணப்படி பாக்கியைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒன்றும் இல்லை.